மிஷினுக்கு வாய் கிடையாது

குண்டூசியின் முனை 'ண'வின் வயிற்றுக்குள் இறங்குகிறது. அங்கே அடைந்து கிடக்கும் மைப்பிசுக்கைக் கிளறி வெளியே கொண்டுவந்து, இடது ஆட்காட்டி விரலில் சுற்றியிருக்கும் கந்தலில் துடைக்கிறது. அடுத்து 'ஞ'. அதற்கு இரண்டு குத்து வேண்டும். பிறகு தேய்ந்த பல் துலக்கும் பிரஷ் ஒன்று மண்ணெண்ணெயில் லேசாக நனைந்து, எழுத்துகளின் மேல் ஒரே திசையில், மேலிருந்து கீழாக மட்டும் போகிறது. குறுக்கே போனால் மை பக்கத்து எழுத்துக்குத் தாவிவிடும். கைகளுக்கு அது தெரியும். நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டவை. வலது கைப் பெருவிரலில் மட்டும் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத ஒரு நீலக்கறை.

துடைத்து முடித்ததும் அந்தக் கைகள் ஒரு பழைய தாளைச் சொருகி அன்றைய தேதியை அடித்துப் பார்க்கின்றன. எல்லா எழுத்தும் வரிசையாக நிற்கின்றன, 'ள' ஒன்றைத் தவிர. அது மட்டும் அரை நெல் உயரம் எகிறி நிற்கும். வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான். மெக்கானிக் மூன்று முறை வந்து பார்த்துவிட்டு, அது அதன் சுபாவம் என்று சொல்லிப் போய்விட்டார்.

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் வாடகை சைக்கிள் கடை. அதன் பக்கச் சுவரோடு ஒட்டி, ஆறடிக்கு எட்டடியில் ஓர் அறை. வாசலில் 'சாராள் ஜாப் டைப்பிங் - தமிழ், ஆங்கிலம்' என்று தகரப் பலகை. ஆங்கில மிஷினை எழுபத்து நாலிலேயே விற்றாயிற்று. பலகையில் அந்தச் சொல்லின் மேல் சாராளே சுண்ணாம்பு அடித்துவிட்டார். மழைக்காலத்தில் சுண்ணாம்பு கரைந்து ஆங்கிலம் மறுபடி எட்டிப் பார்க்கும். பொங்கலுக்கு மறுபடி ஒரு பூச்சு.

தகரப் பலகையைவிட அதன் கீழே மாட்டியிருக்கும் கரும்பலகைக்குத்தான் கூட்டம். ஒரு நாள் நான் பார்த்தபோது அதில் இப்படி இருந்தது:

சிறுகதை. வார இதழ். இன்னும் 19 நாள்.
நாடகம். ஒரு மணி நேரம். பெண் வேடம் இரண்டுக்கு மேல் கூடாது. இன்னும் 6 நாள்.
ஞாயிறு காலை 10. பொன்னேரி நூலகம். கதை வாசிப்பு. இரண்டு பிரதி கொண்டு வரவும்.
சோழவரம். ஷூட்டிங். கூட்டத்துக்கு ஆள் தேவை. கதை கேட்க மாட்டார்கள்.

இந்தச் செய்திகளையெல்லாம் சாராள் எங்கிருந்து திரட்டுகிறார் என்பது ஊரில் ஒரு வியப்பு. முடிதிருத்தும் கடைக்கு வரும் வார இதழ்கள், பாசஞ்சர் வண்டியின் கார்டு கொண்டுவந்து தரும் துண்டு அறிக்கைகள், நூலகத்து அறிவிப்புப் பலகை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். தினமும் காலையில் எண்களை மட்டும் ஈரத்துணியால் அழித்து ஒன்று குறைத்து எழுதுவார். ரோலிங் மில்லுக்கும் ரசாயனக் கம்பெனிக்கும் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளில் காலை ஊன்றி அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். தொழிற்பேட்டை வந்து சில வருஷங்கள்தான் ஆகின்றன. அதற்குள் இத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பது அந்தப் பலகை இல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

கடைசி வரியில் வரும் 'கதை கேட்க மாட்டார்கள்' செங்கல்வராயனால் வந்தது. ரோலிங் மில்லில் பழுக்கக் காய்ந்த கம்பியை இடுக்கியால் பிடிக்கும் வேலை அவருக்கு. இரண்டு முன்கைகளிலும் தீப்பொறி பட்ட தழும்புகள். எழுதுவது படக்கதை. சோழவரத்தில் மோட்டார் பந்தயம் ஓடும் மைதானத்தில் ஷூட்டிங் என்று தெரிந்து, அறுபது பக்கக் கதையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார். டைரக்டரை நெருங்குவதற்குள் யாரோ அவரைக் கூட்டத்தில் தள்ளிக் கையைத் தட்டச் சொல்லிவிட்டார்கள். பொழுது சாயும்வரை தட்டினார். வியர்வையில் முதல் பத்துப் பக்கம் நைந்துபோய், மறுநாள் சாராளிடம் வந்து நின்றார்.

"இன்னா செங்கலு, கதை சொன்னியா?"

"எங்கக்கா, கை தட்டத்தான் கை கீதுன்னாங்க."

சாராள் சிரிக்கவில்லை. நைந்த பத்துப் பக்கங்களைத் திரும்ப அடித்துக் கொடுத்தார். அன்று மாலையே கரும்பலகையில் அந்த மூன்று சொற்கள் சேர்ந்தன.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கதை அடித்து முடித்ததும் எழுதியவர் ஒவ்வொருவரும் தவறாமல் கேட்பது, "நல்லா கீதா அக்கா?" அதற்கு சாராளின் பதிலும் தவறாது, பக்கக் கணக்கு மட்டும். "பதினேழு பக்கம் கீது." அதற்கு மேல் ஒரு சொல் வராது. துளைத்துக் கேட்டால் மிஷினைக் காட்டுவார். "எத்த குடுக்கிறியோ அத்த அடிக்கும். மிஷினுக்கு வாய் கிடையாது." ஒரு சொல்லைக்கூட மாற்றுவதில்லை என்பது அவர் பெருமை. பொன்னேரியிலிருந்தும் கவரப்பேட்டையிலிருந்தும் பிழைப்பை விட்டுவிட்டு இங்கே வந்து அடிக்கக் கொடுப்பது அந்தப் பெருமையை நம்பித்தான்.

பெருமை சும்மா வரவில்லை. திருநின்றவூர்ப் பக்கம் வயல் கூலி செய்த ஆசீர்வாதத்தின் மகள் அவர். எட்டாவதோடு படிப்பு நின்றது. திருவள்ளூரில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் கூட்டிப் பெருக்கும் வேலை. காலை ஆறரை மணி வகுப்பு வருவதற்குள் பன்னிரண்டு மிஷின்களையும் துடைத்து வைக்க வேண்டும். துடைக்கத் துடைக்க எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்பதை விரல் படித்துக்கொண்டது. நாற்காலியில் உட்காரக் கூடாது என்று உத்தரவு. ஆகவே நின்றபடியே கற்றார். புள்ளியை முதலில் தட்டி எழுத்தை அதன் கீழே தட்ட வேண்டும் என்கிற தமிழ் மிஷினின் தலைகீழ்ப் பழக்கத்தை, மாணவர்கள் மூன்று மாதம் திணறிப் படிப்பதை, அவர் கந்தலும் கையுமாகப் படித்தார். பிறகு வக்கீல் குமாஸ்தாக்களிடம் மனு அடித்தே எட்டு வருஷம் போயிற்று. 'மேற்படி' என்ற சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். இன்றைக்கும் எந்த வேலையானாலும் கடைசிப் பக்கத்தை எழுந்து நின்றுதான் அடிப்பார். கேட்டால், "காலு அப்டித்தான் கத்துக்கிச்சி" என்பார்.

இன்னொரு வழக்கம் கொஞ்சம் கண்டிப்பானது. முடித்த தாள்களை வாங்க வந்தவர் கையில் சும்மா தந்துவிட மாட்டார். கடைசிப் பக்கத்தை மேலே வைத்து, இடது கையால் கட்டை இறுக்கிப் பிடித்தபடி நீட்டுவார். வலது ஆட்காட்டி விரல் கடைசி வரியின் கீழே போய் நிற்கும்.

"கடைசி வரி."

எழுதியவர் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். விரல் கூடவே ஓடும். முற்றுப்புள்ளியில் விரலும் குரலும் ஒன்றாக நின்றால்தான் இடது கையின் பிடி தளரும். ரயிலுக்கு ஓடுகிறவரானாலும் விலக்கில்லை.

இதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. தொழில் தொடங்கிய வருஷம், அருணாச்சலம் என்ற பள்ளிக்கூட ஆசிரியர் ஒரு கதை கொடுத்தார். கடைசித் தாள் உருளையை விட்டுக் கழன்றது தெரியாமல் சாராள் அடித்துக்கொண்டே போய்விட்டார். கதையின் கடைசி வரி முழுவதும் ரப்பர் உருளையின் மேல் விழுந்தது. தாளில் இல்லை. கதை அப்படியே இதழுக்குப் போய்ச் சேர்ந்தது. முடிவு விளங்கவில்லை என்று திரும்பியும் வந்தது. ஆசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் பிறகு அவர் எதையும் அடிக்கக் கொடுக்கவில்லை, எழுதவும் இல்லை. "அவரோட கடைசி வரி என் உருளைமேல கீது" என்று சாராள் ஒரே ஒரு முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

போன ஆடி மாதம் கரும்பலகையில் புதிதாக ஒரு வரி ஏறியது. வியாசர்பாடியில் உள்ள ஒரு தொழிலாளர் கலை மன்றம் புதியவர்களிடம் கதை கேட்டிருந்தது. உழைக்கும் மக்கள் யாரும் அனுப்பலாம். முதல் பரிசு பெறும் கதையை மன்றத்தின் இளைஞர்கள் பதினைந்து நிமிடப் படமாக எடுத்து, கிளை கிளையாகத் திரை கட்டிக் காட்டுவார்கள். செங்கல்வராயனுக்குத் தூக்கம் போயிற்று. அந்த வாரம் அவருக்கு மாலை ஷிஃப்ட். காலையில் எல்லாம் கடை வாசலிலேயே நின்று, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் "இன்னும் ஒம்பது நாளு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசலில் கூடையை இறக்கிய மீன்காரப் பெண்மணி நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாடா நைனா, ஒம்பது நாளு, ஒம்பது நாளுன்ற? யாருக்குக் காரியம்?"

"காரியம் இல்லம்மா. படம் புடிக்கக் கதை கேக்குறாங்கோ."

"யாரைக் கேக்குறாங்கோ?"

"யார் வேணா சொல்லலாம். புதுசா இருக்கணும்."

அந்தப் பெண்மணி காலியான கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார். "எங்கிட்ட ஒண்ணு கீது" என்றார், இறால் இருக்கிறது என்று சொல்வதைப் போல.

பச்சையம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பழவேற்காடு ஏரியின் வடகரையில் ஒரு குப்பம். சுண்ணாம்புக்குளம் வழியாக வரும் முதல் பஸ்ஸில் வந்து, பத்து மணிக்குள் கூடையைக் காலி செய்துவிட்டு, பன்னிரண்டரை மணி பஸ்ஸில் திரும்புகிறவர். எழுத்து தெரியாது. பஸ்ஸின் பெயர்ப் பலகையைக்கூட அதன் நிறத்தைப் பார்த்துத்தான் கண்டுகொள்வார். அறைக்குள் வரச் சொன்னபோது மறுத்துவிட்டார்.

"உள்ள வந்தா உன் காயிதமெல்லாம் கவுச்சி அடிக்கும். நான் இங்கியே சொல்றேன். நீ அங்கியே எழுதிக்கோ."

ஐந்து நாள், தினமும் ஒரு மணி நேரம், கூடையின் மேல் உட்கார்ந்து சொன்னார். சாராள் வாசற்படியில் அமர்ந்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடலாம் என்பதற்கு முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். குப்பத்து ஆண்கள் கூடிச் சீட்டுப் போட்டு முறையைப் பிரித்துக்கொள்வார்கள். ஆள் போய்விட்டால் அந்த வீட்டுக்குப் பாடு கிடையாது. பச்சையம்மாவின் கதையில் ஒருத்தியின் புருஷன் போன படகு வெறும் படகாகத் திரும்பி வருகிறது. பதினாறாம் நாள் அவன் பெயரைச் சீட்டிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அவனுக்கு விழுந்த பாடு இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கிறது. அந்த நாள் விடியும்போது அவள் அவன் வலையைக் கொண்டுபோய் விரித்து, இடுப்பளவுத் தண்ணீரில் அவன் இடத்தில் நிற்கிறாள். வலையைத் தூக்கச் சொல்லிப் படகுகள் வருகின்றன. அவ்வளவுதான் கதை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஒன்பது பக்கம் தயாராக இருந்தது. மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் வியாசர்பாடியில் கொடுத்தாக வேண்டும். தபாலுக்கு நேரமில்லை. செங்கல்வராயன் தன் கதையோடு சேர்த்து ஒன்றரை மணி பாசஞ்சரில் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு.

எல்லோரும் கேட்கும் கேள்வியைப் பச்சையம்மா கேட்கவில்லை. "படி" என்றார்.

சாராள் படித்தார். திருத்தமாக, நிறுத்தி, நன்றாகத்தான் படித்தார். இரண்டாவது பக்கத்தில் பச்சையம்மா கையை உயர்த்தினார்.

"இரு, இரு. மேற்படின்றியே, அது யாரு? நம்ம கதைல அப்டி ஒருத்தன் இல்லியே."

செங்கல்வராயன் வாயைப் பொத்திக்கொண்டார். சாராள் பென்சிலால் அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேலே படித்தார். கடைசி வரி வந்தது. "நான் வலையை எடுக்கவில்லை. அவர்களின் படகுகள் திரும்பும்வரை நீரிலேயே நின்றுகொண்டிருந்தேன்."

பச்சையம்மா தாளை எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. ஆனா இது யாரு பேசறது? டீச்சரம்மா யாரோ தண்ணில எறங்கி நிக்கிற மாதிரி கீது. எங்க குப்பத்துல எவ இப்டிப் பேசுவா?"

"போட்டிக்கு அனுப்பறதுன்னா இப்டித்தான் யக்கா எழுதணும். பேசற மாதிரியே எழுதினா தூக்கிப் போட்ருவாங்க."

"போட்டா போடட்டும். நான் சொன்னத்தைத் தூக்கிப் போடட்டும்."

செங்கல்வராயனுக்கு இத்தனை வருஷம் காத்திருந்த வாய்ப்பு கிடைத்துவிட்டது. "அப்போ மிஷினுக்கு வாய் கீதுக்கா" என்றார்.

சாராள் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து தாளோடு ஒப்பிட்டார். தாளில் தவறில்லை. நோட்டில் இருந்தபடியேதான் அடித்திருந்தார். மாற்றம் நோட்டிலேயே நடந்திருந்தது. பச்சையம்மா 'தண்ணி' என்ற இடங்களிலெல்லாம், காதுக்கும் கைக்கும் நடுவே எங்கேயோ, அது 'நீர்' ஆகியிருந்தது. 'குந்திக்கினு' எல்லாம் 'அமர்ந்து' ஆகியிருந்தது. எட்டு வருஷம் மனு அடித்த கை, யாரையும் கேட்காமல், சொன்னவளை எழுப்பி நிறுத்திச் சேலையைச் சரிசெய்து, அதிகாரி முன்னால் கொண்டுபோவதுபோல் கொண்டுவந்து வைத்திருந்தது. மற்றவர்கள் எழுதிக்கொண்டு வந்ததை அடித்தபோது இந்த வேலைக்கு இடமே வரவில்லை. அதனால் ஒரு சொல்லும் மாற்றாதவராக இருந்திருக்கிறார்.

ஒன்பது பக்கத்தையும் நீளவாக்கில் மடித்தார். கிழிக்கவில்லை. ஜன்னல் விளிம்பில், மண்ணெண்ணெய்ப் புட்டிக்கு அடியில் வைத்தார்.

"இன்னொரு வாட்டி சொல்லுவியா யக்கா?"

"எத்தினி வாட்டி வேணா சொல்றேன். பஸ்ஸு?"

"நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வா."

"கூடை?"

"கூடைய வெச்சிட்டு வா."

பச்சையம்மா கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். வருவாரா என்று செங்கல்வராயன் கேட்டார். சாராள் கரும்பலகையில் இருந்த 1 என்ற எண்ணைப் பார்த்தபடி, அதைத் துடைக்கவும் முடியாமல் விடவும் முடியாமல், ஈரத்துணியோடு நின்றார்.

சனிக்கிழமை ஏழு மணிக்குப் பச்சையம்மா வெறுங்கையோடு வந்து இறங்கினார். உட்காரக் கூடை இல்லாததால் முதல் முறையாக அறைக்குள் வந்தார். குளித்து, மஞ்சள் பூசி, வெளுத்த சேலை கட்டியிருந்தார். வாசலிலேயே நின்று தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

சாராள் நோட்டை எடுக்கவில்லை. தாள், கார்பன், தாள், கார்பன், தாள் என்று அடுக்கி உருளையில் ஏற்றினார். பிறகு இதுவரை யாரும் பார்க்காத ஒரு காரியம் செய்தார். மிஷினைச் சுவரோரத்திலிருந்து திருப்பி, பச்சையம்மாவின் முகத்துக்கு எதிரே வைத்துக்கொண்டார்.

"சொல்லு. உன் வாயைப் பார்த்துக்கினே அடிக்கிறேன்."

முதல் பக்கம் முக்கால் மணி நேரம் எடுத்தது. விரல்கள் பழைய தடத்துக்கே ஓடப் பார்த்தன. ஒரு முறை சட்டென்று நின்று, "'குந்திக்கினு'ன்னே அடிக்கட்டா?" என்றார்.

"பின்ன? நாற்காலி போட்டு உக்கார வெப்பியா அவள?"

அந்தப் பக்கத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கினார். இரண்டாம் பக்கத்தில் ஒரு தாளம் பிடிபட்டது. வரி முடியும்போது மிஷினில் மணி அடிக்கும். பச்சையம்மா அந்த மணிக்கு நிற்கக் கற்றுக்கொண்டார். மணி அடித்தால் வாயை மூடுவார். உருளை இந்தப் பக்கம் வந்ததும் திறப்பார். நாலாம் பக்கத்தில் மணிக்கு ஏற்றாற்போல் அவரே மூச்சை விட்டுவிட்டு எடுத்தார். வலை இழுக்கிறவர்களுக்கு அது புதிதில்லை. வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். படகுகள் வந்து அவளைச் சுற்றி நிற்கும் இடத்தில் ஒருவன் திட்டுகிறான். அந்தத் திட்டை அப்படியே அடிக்கலாமா என்று சாராள் கேட்கவில்லை. அப்படியே அடித்தார்.

பதினொரு மணிக்குச் செங்கல்வராயன் டீயும் நாஷ்டாவும் வாங்கி வந்தார். யாரும் தொடவில்லை. அவர் கதை பத்து நாளாகக் கட்டித் தயாராக இருந்தது. அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டவர், ஏழாம் பக்கத்தில் மெல்லக் கக்கத்திலிருந்து எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

கடைசிப் பக்கத்துக்கு சாராள் எழுந்து நின்றார். பச்சையம்மாவும் கூடவே எழுந்துவிட்டார்.

இனி உறுதிமொழித் தாள். பெயர், ஊர், தொழில். 'இக்கதை என் சொந்தக் கற்பனை' என்று அச்சடித்த வரி. அதன் கீழே கையொப்பம்.

செங்கல்வராயன் தயங்கினார். "யம்மா, மெய்யாலுமே கற்பனைதானா? உங்களுக்கே நடந்த மாதிரி கீதே. பொய்க் கையெழுத்துப் போட்டா பேஜாரு."

"எனக்கா? எம் புருசன் குத்துக்கல்லாட்டம் ஊட்டுல குந்திக்கினு கீறான். இன்னிக்கு மீன் கூடை எடுக்கலன்னு காலைலயே ஒரு பாட்டம் ஆடி முட்ச்சிட்டான்."

"அப்போ உங்க குப்பத்துல யாருக்கோ?"

"எவளுக்கும் நடக்கல." பச்சையம்மா குரலைத் தாழ்த்தினார். "சீட்டுலேந்து பேரை எடுத்த ஊடு நாலு கீது. நாலு பேரும் கருவாடு விக்கப் பூட்டாளுங்கோ. ஒருத்தியாச்சும் போய் நின்னிருக்கணும்னு நெனச்சேன். அவளுங்களுக்கும் என்ன மாதிரியே படிக்கத் தெரியாது. படம்னா பார்ப்பாளுங்க இல்ல?"

செங்கல்வராயன் உறுதிமொழித் தாளை மேஜைமேல் நகர்த்தி வைத்தார்.

மைப்பெட்டி இல்லை. சாராள் மிஷினின் ரிப்பனைச் சற்று இழுத்து, பச்சையம்மாவின் இடது பெருவிரலை அதன் மேல் உருட்டினார். பிறகு தாளில் உருட்டினார். மீன் முள்ளும் கத்தியும் கிழித்த விரல். ரேகையின் நடுவே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. மனுக்களில் இந்த இடத்தின் கீழே 'இடது பெருவிரல் ரேகை, மேற்படியார்' என்று அடிப்பதுதான் வழக்கம். விரல்கள் ஒரு கணம் காற்றில் நின்றன. பிறகு அடித்தன: பச்சையம்மா, எழுதியவர்.

"ஜல்திக்கா. கைகாட்டி எறக்கிட்டான்." செங்கல்வராயன் வாசலில் ஒரு கால், ரோட்டில் ஒரு காலாக நின்றார். மணி ஒன்று இருபத்தைந்து. பொன்னேரிப் பக்கம் போகும் கூட்டம் பிளாட்பாரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சாராள் ஒன்பது பக்கத்தையும் மேஜையில் தட்டி ஓரம் சேர்த்தார். கடைசிப் பக்கத்தை மேலே வைத்தார். இடது கையால் இறுக்கிப் பிடித்துப் பச்சையம்மாவிடம் நீட்டினார். வலது கை விரல் கடைசி வரியின் தொடக்கத்தில் போய் நின்றது.

"யக்கா, அவங்களுக்குப் படிக்கத் தெரியாதுக்கா! குடு, நான் ஓடறேன்."

சாராளின் கை அசையவில்லை.

"கடைசி வரி" என்றார்.

பச்சையம்மா கையைச் சேலையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு தாளின் மறு ஓரத்தைப் பிடித்தார். தாளைப் பார்க்கவில்லை. சாராளின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நான் வலையத் தூக்கல."

நீலக்கறை படிந்த கையின் விரல் நகர்ந்தது.

"அவங்க படகு திரும்பற வரிக்கும் தண்ணிலதான் நின்னுக்கினு இருந்தேன்."

விரல் அவர் குரலோடு ஓடி, எகிறி நிற்கும் 'ள' ஒன்றுகூட இல்லாத அந்த வரியைக் கடந்து, முற்றுப்புள்ளியில் நின்றது. இடது கையின் பிடி தளர்ந்தது.